கனடாக் குக்கரும் 'நேர்வயர்' போட்ட ட்ரிப் சுவிச்சும்

கேள்வி: ஐயா, நல்லூர்த் திருவிழாவுக்கு என் கணவரின் அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்து எங்களோடு நிற்கிறார்கள். மச்சாள் எனக்கென்று ஒரு கரண்ட் பிரஷர் குக்கர் கொண்டுவந்தா. பிரிட்ஜ் மாட்டியிருக்கும் எக்ஸ்ரென்சன் வயரிலேயே ஒரு அடப்ரர் வைத்து அதையும் மாட்டினேன். பட்டென்று ஒரு சத்தம், புகை. மெயின் போர்டில் சின்னச் சுவிச் ஒன்று விழுந்திருந்தது. தூக்கிவிட்டோம், மற்றச் சொக்கெற்றெல்லாம் வேலை செய்தது, பிரிட்ஜ் மட்டும் வரவில்லை. அடப்ரர்தான் பிழை என்று மச்சாளின் கணவர் வேறொன்று வாங்கிவந்து விறாந்தைச் சொக்கெற்றில் குக்கரைத் திரும்ப மாட்ட, ட்ரிப் சுவிச் விழுந்து முழு வீடும் இருண்டது. இரண்டு முறை இப்படி. மறுநாள் வந்த வயரிங்காரர் "உள் வயர் எரிஞ்சு போச்சு, முழு வீட்டுக்கும் திரும்ப வயரிங் செய்ய வேணும்" என்று ஒன்றே முக்கால் இலட்சம் கேட்கிறார். ட்ரிப் சுவிச்சும் பழுதாம். இப்போதைக்கு நேராக வயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் என் அவசரத்தால் வந்தது என்று இவர் (என் கணவர்) மூன்று நாளாக முகம் தருகிறாரில்லை. மாமி நாவூறு என்கிறா. வயரிங் மாற்றத்தான் வேணுமா?
— ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, குக்கர் இருக்கட்டும், பிரிட்ஜ் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான். "நேராக வயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்." ட்ரிப் சுவிச்சை விலக்கிவிட்டு என்று அர்த்தம். இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் சரிசெய்விக்கிற வழியைப் பாருங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பேசலாம்.

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது என்று பலருக்குத் தெரியாது. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே அளவா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லையென்றால் அந்தக் கொஞ்சம் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். ஈரச்சுவரில் போகலாம், தகரத்தில் போகலாம், ஒரு ஆளின் உடம்பு வழியாகவும் நிலத்துக்குப் போகலாம். வீட்டுக்குப் போடுகிற ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழுந்துவிடும். ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப் எடுக்கிற அளவு அது. பக்கத்தில் வரிசையாக இருக்கிற சின்னப் பிறேக்கர்கள் வேறு. சொக்கெற்றுக்குப் போடுகிற பிறேக்கர் சாதாரணமாக 16 அம்பியருக்கு மேலே போனால்தான் விழும். அதாவது ஐந்நூறு மடங்கு. அது வயரைக் காப்பாற்றுகிற சாமான், ஆளைக் காப்பாற்றாது.

இப்போது உங்கள் வீட்டில் ஆளைக் காப்பாற்றுகிற சாமான் இல்லை. வீடு நிறைய விருந்தாளிகள். விடிய நாலரைக்கு எழும்பிக் கிணற்றடியில் தோய்ந்து, ஈரக்கையோடு மோட்டர்ச் சுவிச்சைத் தட்டிவிட்டு நல்லூருக்கு ஓடுகிற நாட்கள். இதைவிடக் கெட்ட நேரம் பார்த்து ட்ரிப் சுவிச்சை எடுக்க முடியாது.

அந்த ட்ரிப் சுவிச் பழுதென்று எதை வைத்துச் சொன்னார்? இரண்டு முறை விழுந்ததை வைத்தா? முதல் அடியிலேயே குக்கரின் உள்ளே எரிந்துவிட்டது. எரிந்த இடத்திலிருந்து கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு ஒழுகியிருக்க வேண்டும். அதை உங்கள் மச்சாளின் கணவர் திரும்பவும் மாட்டியிருக்கிறார். ட்ரிப் விழுந்தது. மறுபடி மாட்டியிருக்கிறார். மறுபடியும் விழுந்தது. மூன்று நாளில் உங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான், அதைத்தான் அந்த மனிதர் கழற்றியிருக்கிறார்.

இது அந்த வயரிங்காரர் ஒருவரின் பழக்கம் அல்ல. ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று கூப்பிட்டால் ஏன் விழுகிறது என்று தேட அரைநாள் போகும், அதற்குக் காசு கேட்டால் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். நேராக இரண்டு வயரை முறுக்கிவிட்டால் ஐந்து நிமிடம். லைட் எரியும், ட்ரிப் விழாது, "நல்ல கெட்டிக்காரப் பொடியன்" என்று பெயரும் கிடைக்கும். போன மாரியில் நான் பார்த்த ஒரு வீட்டில் ட்ரிப் சுவிச் அப்படியே அழகாக இருந்தது, மூடியைக் கழற்றினால் பின்னால் சிவப்பு வயர் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரருக்கு ஐந்து வருடமாகத் தெரியாது. ஆகவே மற்ற வாசகர்களும் கேளுங்கள். ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், இங்கிலிஷ் 'T' எழுத்துப் போட்டிருக்கும். மாதம் ஒருமுறை அதை அமத்துங்கள். சுவிச் விழுந்து முழு வீடும் இருள வேண்டும். சுவிச் விழுந்த பிறகும் எங்கேயாவது ஒரு லைட் எரிந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இந்தச் சோதனை தேவையில்லை, அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மூடியைக் கழற்றி நீங்களோ இவரோ பார்க்க வேண்டாம். மின்சார சபைக்கு அடித்தும் பிரயோசனமில்லை, அவர்களுடைய பொறுப்பு மீற்றரோடு முடிகிறது. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ட்ரிப் சுவிச்சைப் பழையபடி இணைத்து, அந்தப் பொத்தானை உங்கள் கண்முன்னே அமத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.

இனிப் பிரிட்ஜ். அதை அந்த எக்ஸ்ரென்சனிலிருந்து கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, வேலை செய்கிற ஒரு சுவர்ச் சொக்கெற்றில் நேரே மாட்டிப் பாருங்கள். ஒன்றே முக்கால் இலட்சம் கேட்டவர் இதைச் செய்து பார்த்தாரா? செய்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். பெரும்பாலும் பிரிட்ஜ் ஓடும். ஏனென்றால் எரிந்தது உள் வயர் அல்ல, எக்ஸ்ரென்சன் ப்ளக்கின் உள்ளே இருக்கிற பியூஸ். சதுரமுனை 13 அம்பியர் ப்ளக் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, ஒரு அங்குல நீளத்தில், வெள்ளைப் பீங்கான் குழாய், இரண்டு பக்கமும் பித்தளைத் தொப்பி. ப்ளக்கைச் சொக்கெற்றிலிருந்து கழற்றி, நடு ஆணியைத் திருகினால் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். சில ப்ளக்கில் முனைகளுக்கு நடுவே சின்ன மூடி, அதை நகத்தால் நெம்பினால் போதும். புதிய பியூஸ் ஒரு ரோல்ஸ் விலைதான். ப்ளக் உருகியோ கருகியோ இருந்தால் எக்ஸ்ரென்சனையே எறிந்துவிடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி உள்ளே வைக்கிற வித்தையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். இந்த வித்தை தெரிந்த மாமாமார் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்.

பிரிட்ஜை எப்போதும் சுவரில் நேரே மாட்டுங்கள். அது ஒன்றுதான் உங்கள் பக்கத்துப் பிழை. ஆனால் தனிச் சொக்கெற்றில் மாட்டியிருந்தாலும் குக்கர் வெடித்துத்தான் இருக்கும்.

ஏன் வெடித்தது என்பதை இவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கனடாவில் வீட்டுச் சொக்கெற்றில் வருவது 120 வோல்ற். இங்கே 230. துலாவுக்கு வெட்டிய வாய்க்காலில் மோட்டர்த் தண்ணியைத் திறந்துவிட்டால் வரம்பு நிற்குமா? வோல்ற் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஏறும்போது சூடாக்குகிற கம்பியில் சூடு மூன்றரை மடங்குக்கு மேலே ஏறும். ஆயிரம் வாற் குக்கர் மூவாயிரத்து அறுநூறு வாற் இழுக்கப் பார்க்கும். அதற்கு முன்னமே உள்ளே இருக்கிற எலக்ட்ரோனிக் போர்ட் பட்டென்று போய்விடும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். அடப்ரர் முனையைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. தட்டை முனையைச் சதுர முனையாக்கிக் கொடுக்கிற ஒரு பிளாஸ்ரிக் துண்டு, அவ்வளவுதான். இதை விற்கிறவர்கள் "கனடாச் சாமான் எல்லாத்துக்கும் சரி அக்கா" என்று சொல்லி விற்கிறார்கள். முனை சரி என்பது அவர்கள் அர்த்தம். நீங்கள் எடுத்துக்கொள்வது வேறு அர்த்தம்.

லண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா சாமான்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம்மைப் போலத்தான். கனடாவும் அமெரிக்காவும்தான் தலையிடி. நம் சனத்தில் பாதி ரொறன்ரோவில் இருப்பது நம் விதி.

கனடாச் சாமானிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேணும், ஏனென்றால் திருவிழா முடிந்ததும் ஆவணிக் கலியாணங்கள் வரும். போன், லப்டொப் சார்ஜர்களின் அடியில் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் 100–240 வோல்ற், 50/60 என்று இருக்கும். அப்படி இருந்தால் அடப்ரர் போதும், பயமில்லாமல் மாட்டலாம். தனியே 120 என்றிருந்தால் கை வைக்க வேண்டாம். இது இலகு. சிக்கல் தலைமயிர் நேராக்குகிற கருவியில். பிரயாணத்துக்கென்று செய்த சிலவற்றில் 125/250 என்று இரண்டும் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இரண்டுக்கும் சரி" என்று மாட்டுவார்கள். சரிதான், ஆனால் கைபிடியின் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், ஐந்து ரூபாக் குற்றியை வைத்துத் திருப்புகிற மாதிரி. அதை 250 பக்கம் திருப்பிவிட்டுத்தான் மாட்டவேணும். திருப்பாமல் மாட்டினால் எரியும். மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் பொம்பிளையின் தங்கச்சி கொண்டுவந்த கருவி, விடிய ஆறு மணி, முகூர்த்தம் ஒன்பதுக்கு. பொம்பிளையின் தலைமயிர் ஒரு கற்றை பொசுங்கின பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நான் போய் என்ன செய்ய? பூவை வைத்து மறைத்தார்கள். திரும்பிக் கனடா போகும்போது பள்ளத்தை 125க்குத் திருப்ப மறந்தால் ஆபத்தில்லை, கருவி சூடேறாது, "சிறிலங்காவில் கெட்டுப்போச்சு" என்று மச்சாள் அங்கேயிருந்து போன் எடுப்பா. அப்போதும் பள்ளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வோல்ற் குறைக்கிற ரான்ஸ்போமர் வாங்கினால் குக்கரை ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். எரிந்த குக்கருக்கு அது உதவாது. எரியாத சாமானுக்கும் யோசித்து வாங்குங்கள். ஆயிரம் வாற் என்று ஒட்டியிருக்கும் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். உண்மையான ஆயிரம் வாற் ரான்ஸ்போமர் நன்றாகக் கனக்கும். தேங்காய் போல இலேசாக இருந்தால் ஸ்ரிக்கர் மட்டும்தான் ஆயிரம் வாற். அந்த விலைக்கு இங்கேயே ஒரு குக்கர் வாங்கிவிடலாம்.

முழு வீட்டு வயரிங் மாற்றுகிற கதைக்கு வருகிறேன். வயரிங் மாற்றவேண்டிய வீடுகள் இருக்கின்றன. சொக்கெற் சுடுகிறது, சுவிச்சைத் தொட்டால் கிறுக்கென்கிறது, மழைக்கு ட்ரிப் விழுகிறது என்றால் மாற்றத்தான் வேணும். ஆனால் மெக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது, வயர் நல்லதா கெட்டதா என்று அளந்து சொல்லும். அதை வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்து "உள் வயர் எரிஞ்சு போச்சு" என்கிறவரை நம்ப வேண்டாம். முழு வீட்டு வயரும் எரிந்திருந்தால் மற்றச் சொக்கெற்றெல்லாம் வேலை செய்திருக்காது.  புது இணைப்பு எடுக்கும்போது வயரிங் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கொடுத்துத்தான் எடுக்கிறோம். மெக்கரை வெளியே எடுக்காமல், சில இடத்தில் படலையைக்கூடத் திறக்காமல் கையெழுத்து வைத்த அறிக்கைகள் என் கையிலேயே வந்திருக்கின்றன. ஒழுகுகிற கரண்டை நிலத்துக்கு இறக்குகிற எர்த் கம்பியும் அப்படித்தான். நம் நிலம் கல்லு நிலம், கம்பி இறங்க மறுக்கும். இரண்டு அடி இறங்கினதும் மிச்சத்தை வாளால் அறுத்து எடுத்துக்கொண்டு, மேலே சீமெந்து பூசிவிடுவார்கள். அறுத்த துண்டு அடுத்த வீட்டுக்கு முழுக்கம்பியாகப் போகும். யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் "அறிக்கையில் சரி என்று இருக்கே" என்பார்கள். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் எங்களுக்கு ஒவ்வொரு வயரின் அருமையும் தெரிந்திருந்தது.

எலக்ட்ரீசியன் வருகிற அன்றைக்கே மெக்கர் வைத்து ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். சின்ன வீட்டுக்கு ஒரு மணித்தியால வேலை. எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவர் முகம் தராததற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் முதல் தரம் மாட்டியது நீங்கள் என்றாலும், எரிந்த குக்கரைப் பிறகு இரண்டு தரம் மாட்டியது அவருடைய மச்சான். கோபத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மச்சாளிடம் குக்கர் வெடித்ததை மறைக்க வேண்டாம். அடுத்த முறை உங்களுக்கென்று வாங்குவதானால் அந்தக் காசுக்கு இங்கேயே வாங்கித் தரச் சொன்னால் அவவுக்கும் பெட்டிப் பாரம் மிச்சம். குக்கரின் உள்ளே இருக்கிற எவர்சில்வர் சட்டிக்கு ஒன்றும் ஆகியிராது, எடுத்துப் பாவியுங்கள்.

அந்த வயரிங்காரருக்கு முற்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். பழைய ட்ரிப் சுவிச்சைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நல்ல சுவிச் அது. இல்லாவிட்டால் வருகிற கிழமை வேறொரு வீட்டில் அதையே புதிது என்று பூட்டுவார்.