தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே அலறுவது யார்?

கேள்வி: ராத்திரியில் காட்டுப்பக்கம் ஒரு பெண் அலறுவதுபோல் சத்தம் கேட்கிறது. கேட்டால் சாவு விழும் என்கிறார் அம்மாயி. உண்மையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பயப்படாதீர்கள், சாவு விழாது. அப்படி அலறும் பறவைக்குச் சிங்களத்தில் 'உலமா' என்று பெயர். சந்தேகக்காரப் புருஷன் பிள்ளையைக் கொன்று கறியாக்கி வைக்க, சட்டியில் குட்டி விரலைக் கண்ட தாய் காட்டுக்குள் ஓடிப் பறவையாகி இன்னும் அழுகிறாள் என்பது கதை; எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அயர்லாந்திலும் பான்ஷீ என்ற பெண் ஆவி சாவுக்கு முன்னால் ஓலமிடுவாளாம். சரி, நிஜத்தில் அலறுவது யார்? பெரும்பாலும் பெரிய காட்டு ஆந்தை ஒன்றுதான் என்கிறார்கள் பறவை ஆய்வாளர்கள். அம்மாயியிடம் ஆந்தையைப் பற்றிச் சொல்லுங்கள், அப்புறம் அவர் சொல்லும் கதையையும் முழுசாகக் கேட்டு எழுதி வையுங்கள்.