"முடிவு எடுக்கப்படவில்லை"யாம்!

வணக்கம் சார்,
எட்டு பேர் டீமுக்கு லீடா இருக்கேன். ஒரு வருஷமா ஓடுற ப்ராஜெக்ட்டை நிறுத்தறதா தொடர்றதான்னு மூணு மாசமா முடிவு எடுக்கப்படவில்லை. தெளிவான டேட்டா இல்ல. டீமும் சோர்ந்துபோச்சு. தைரியம் வர என்ன படிக்கலாம்?
கே.

அன்புள்ள கே.,

படிக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். டேட்டா பத்தியும் பேசப்போறதில்ல, அது முழுசா வந்துட்டா லீடு எதுக்கு, கால்குலேட்டரே போதும். என் கண்ணு நின்ன இடம் "எடுக்கப்படவில்லை". யாரால தம்பி? "நான் எடுக்கல"ன்னு எழுத கை வரலையா?

நாலு நாளா, ரெண்டாம் உலகப்போர்ல ஐரோப்பாவுல நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதியா இருந்த ஐசனோவரோட ஒரு துண்டுச்சீட்டுதான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு, அந்த நேரம் பாத்து உங்க கடிதம். 1944 ஜூன் 5 பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரையில அவரோட படைகள் இறங்கறதா இருந்தது, மோசமான வானிலையால ஒரு நாள் தள்ளிப்போச்சு, 6ஆம் தேதி கொஞ்சம் அடங்கும்னு வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னாரு, அதுக்கும் உத்தரவாதம் இல்ல, விட்டா கடலோட ஏற்ற இறக்கம் மறுபடி ஒத்துவர ரெண்டு வாரம் ஆகும், மனுஷன் போலாம்னுட்டாரு. தோத்துட்டா வெளியிட ஒரு அறிக்கையையும் பென்சில்ல எழுதி பர்ஸுல வெச்சுக்கிட்டாரு. அதுல மொதல்ல "படைகள் திரும்பப் பெறப்பட்டன"ங்கற மாதிரி எழுதி, அதை அடிச்சு, "நான் திரும்பப் பெற்றேன்"னு மாத்தியிருக்காரு. தப்புன்னு ஏதாச்சும் இருந்தா அது என் ஒருத்தனோடதுன்னு முடிச்சிருக்காரு. அவசரமோ களைப்போ, தேதியை ஜூலை 5னு தப்பாப் போட்டிருக்காரு, ஆனா அந்த வினைச்சொல்லைத் திருத்தாம விடல பாருங்க.

(ரெண்டு வாரம் கழிச்சு அங்க பெரும் புயல் அடிச்சுது, காத்திருந்தா நாசமாயிருக்கும்பாங்க. அன்னிக்கு அவருக்கு அது தெரியாது, கணக்குல சேக்காதீங்க.)

நானும் ஒரு காலத்துல ஆறு பேருக்கு லீடா இருந்தவன்தான். ஒரு வேலை என்னால சொதப்பினப்ப "தாமதம் ஏற்பட்டுவிட்டது"ன்னு மேல மெயில் போட்டேன். டீம்ல புதுசா சேந்த பொண்ணு மறுநாள் என் டேபிள் முன்னாடி நோட்டைக் கட்டிப்பிடிச்சு நின்னு, "யாரால ஏற்பட்டுச்சுன்னு கேக்கறாங்க சார், நான்னு நெனைக்கறாங்க போல"ன்னா. எனக்கு வாயே வரல. பயந்தேன், சரி, எல்லாரும் பயப்படறதுதான், ஆனா ஒரு சின்னப்பொண்ணுக்குப் பின்னாடி போயா ஒளிவேன்? இன்னிக்கும் கூசுது.

உங்களைத் திட்டறேன்னு நெனைக்காதீங்க, திட்டத்தான் செய்றேன், ஆனா மூணு மாசம் நீங்க தூங்காம கெடந்திருப்பீங்கன்னும் தெரியுது. அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதுங்க. எனக்கு அனுப்ப வேண்டாம். நிறுத்தறீங்களோ தொடர்றீங்களோ, இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த எட்டு பேரையும் உக்காரவெச்சுச் சொல்லுங்க.