கொழும்புக்குள் சரக்கு ரயிலுக்கு இடம் உண்டா?

(இந்த வாரம் பதில் எழுதுபவர் மருதானை ரயில் கன்ட்ரோல் அறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: நான் கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க். வருடத்துக்கு 70 லட்சம் கொள்கலன் பெட்டிக்கு மேல் கையாளும் துறைமுகம் இது. வெளியே போகும் பெட்டிகளோ லொறியில்தான் போகின்றன. இங்குருகடைச் சந்தியில் டிரைவர்மார் ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவதைப் பார்க்கிறேன். இன்னொரு தண்டவாளம் போட்டு எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றினால் என்ன?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அந்த டிரைவர்மாரைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. இந்த விஷயத்தில் அவர்களை நினைக்கிறவர்கள் குறைவு.

முதலில் கணக்கைச் சரி பார்ப்போம். 2021இல் கொழும்பு கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 72 லட்சத்துக்கு மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும், கேட்டைத் தாண்டாது. மிச்சத்தை நாளுக்குப் பிரித்தால், போவதும் வருவதுமாக நாலாயிரம் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 25 வேகன் கொண்ட ஒரு ரயில் 50 பெட்டி கொண்டுபோகும். நாளுக்குப் பத்து ரயில் போய்ப் பத்து ரயில் வந்தால் ஆயிரம் பெட்டி. அதாவது கால்வாசி. அந்த இருபது ரயிலும் நகரத்துக்குள் எந்த நேரத்தில் ஓடும் என்பதுதான் சிக்கல்.

மருதானையை நினைத்துப் பாருங்கள். மலைநாடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம் என்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருவதெல்லாம் அந்த ஒரே வாசலால்தான் கோட்டை ஸ்டேஷனுக்கு வர வேண்டும். களனிவெளிப் பாதையும் அங்கேதான் வந்து சேருகிறது. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கன்ட்ரோல் அறையில் நாங்கள் தேநீர் குடித்ததே இல்லை. அந்த நேரத்தில் கொலன்னாவையிலிருந்து எண்ணெய் ரயில் ஒன்று ஊர்ந்து வெளியே வந்தால், அதன் பின்னால் மூன்று ஒபீஸ் ரயில் நிற்கும். ஒபீஸ் ரயிலின் வேகமும் சரக்கு ரயிலின் வேகமும் ஒன்றில்லை. ஒரே பாதையில் வேகமும் மெதுவும் கலந்தால் பாதையின் கொள்ளளவு நிறையக் கரையும். புதுத் தண்டவாளம் போட்டாலும், அது அதே மருதானை வாசலில் வந்து முட்டினால் பலன் கொஞ்சம்தான்.

அடுத்தது றாகமை. புத்தளப் பாதை அங்கே தரை மட்டத்திலேயே பிரிகிறது. ஒரு ரயில் அந்தப் பக்கம் திரும்பும்போது, எதிரே வரும் தண்டவாளத்தை வெட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவரை எதிர் ரயில் சிக்னலில் நிற்கும். இதற்கு மருந்து, ஒரு தண்டவாளத்தை மற்றதன் மேலே தூக்கும் மேம்பாலம். சிக்காகோவில் இதைச் செய்தார்கள். அமெரிக்கச் சரக்கு ரயிலில் கால்வாசி தொட்டுப் போகும் ஊர் அது. 2012இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: லொஸ் ஏஞ்சலிஸுக்கும் சிக்காகோவுக்கும் இடையிலான தூரத்தை 48 மணிநேரத்தில் கடக்கிற சரக்கு, சிக்காகோ நகரத்தைக் கடக்க மட்டும் 30 மணிநேரம் எடுத்ததாம். 2003இல் அரசும் மாநகரமும் ரயில் கம்பெனிகளும் ஒன்றாய் உட்கார்ந்து 70 வேலைகளுக்குப் பட்டியல் போட்டார்கள். அதில் ஒன்று எங்கிள்வுட் மேம்பாலம். நாளுக்கு 78 பயணி ரயிலும், சரக்கும் நெடுந்தூர ரயிலுமாக இன்னும் அறுபது அளவிலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த இடம். 2014இல் ஒரு பாதையைத் தூக்கி மேலே வைத்தார்கள், மோதல் தீர்ந்தது. எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்த விஷயம், எங்கே ரயில் நிற்கிறது என்று பார்த்துத்தான் அதைப் போட்டார்கள் என்பது.

சரி, நம்மிடம் மேம்பாலத்துக்குக் காசு இல்லை. அதுவரை என்ன செய்வது? ராத்திரி இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு விடியற்காலை நாலு மணி வரை பாதை ஆறுதலாக இருக்கும். ஆனால் தண்டவாளப் பராமரிப்பு வேலையும் அதே நேரத்தில்தான் நடக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். சுங்கச் சோதனையும் பெட்டி தூக்கும் கிரேனும் ராத்திரியில் ஓடாவிட்டால் ரயில் வெறுமனே நிற்கும். ஏற்றி இறக்க எட்டு மணிநேரம் பிடித்தால் அதே வேகனால் நாளுக்கு ஒரு தடவைகூட ஒழுங்காகப் போய் வர முடியாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பெட்டி பக்கத்திலுள்ள பியகமவுக்குப் போகிறது என்றால் ரயில் உதவாது. லொறியில் ஏற்றி, ரயிலில் மாற்றி, மறுபடி லொறிக்கு மாற்றி... இருபது கிலோமீற்றருக்கு இந்தப் பாடு எவருக்கும் கட்டாது. ரயிலுக்கு லாபம் தூரத்தில்தான். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நான் வேலையில் சேர்ந்த புதிதில் காங்கேசன்துறைச் சீமெந்து வேகன் வேகனாக வந்து இறங்கும், அந்தத் தூசி என் சட்டையில் இருந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்று, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி போனது. பாதை திரும்ப வந்துவிட்டது, சரக்கு பழையபடி திரும்பவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வடக்குப் பாதையில் ஒற்றைத் தண்டவாளம் நீளமாக ஓடுவதால், எதிர் ரயிலுக்கு ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒரு ராத்திரி என் பொறுப்பில் வந்த சரக்கு ரயில் ஒரு ஸ்டேஷனின் லூப்பைவிட இரண்டு வேகன் நீளம். வேறு வழியில்லாமல் ராத்திரி மெயிலை ஒதுக்கிச் சரக்கை விட்டேன். 40 நிமிடம் தாமதம். பிளாட்போமில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்றிருந்தார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னார். லூப்பை நூறு மீற்றர் நீட்டியிருந்தால் அந்த அம்மா காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய திட்டத்துக்கு முன் இந்த மாதிரிச் சின்ன வேலைகளை முடித்துவிடலாம்.

கேள்வி: நாரஹேன்பிட்டி ரயில் கேட்டில் தினமும் பிள்ளையோடு நிற்கிறேன். சரக்கு ரயில் கூடினால் கேட் இன்னும் நேரம் மூடுமா?
— வாசகி, நாரஹேன்பிட்டி

பதில்: அம்மா, களனிவெளிப் பாதை ஒற்றைப் பாதை, வளைவும் கேட்டும் நிறைந்தது. அதில் கொள்கலன் ரயில் விடச் சொல்ல மாட்டேன். மற்ற இடங்களில் உங்கள் பயம் நியாயம். 400 மீற்றர் ரயில் 20 கிலோமீற்றர் வேகத்தில் கேட்டைக் கடக்க 72 செக்கன், 40இல் 36 செக்கன். முன்னால் மூடிவைக்கும் நேரம் வேறு. அதனால் ரயில் மெதுவாகப் போகும் இடத்தில்தான் முதலில் மேம்பாலமோ சுரங்கப் பாதையோ வேண்டும். சிக்காகோவின் 70 வேலையில் 25 ரோட்டையும் ரயிலையும் பிரிப்பதுதான்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். இந்தத் துறையில் எங்கே தொடங்குவது?
— மாணவர், வெள்ளவத்தை

பதில்: சதுரக்கோட்டுத் தாள் ஒன்று வாங்குங்கள். குறுக்கே 24 மணிநேரம், நெடுக்கே கோட்டையிலிருந்து பொல்காவலை வரை ஸ்டேஷன்கள். ஒரு திசையில் போகும் பயணி ரயில்களை நீலத்தில் வரையுங்கள். அப்புறம் சிவப்புப் பென்சிலால் அதே திசையில் ஒரே ஒரு சரக்கு ரயிலை, நீலக் கோடு எதையும் வெட்டாமல், கொண்டுபோய்ச் சேர்த்துப் பாருங்கள். தாளை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.