டாங்கி இருக்கும்போது சக்கரம் வைத்த கவச வண்டி எதற்கு? ஒரே வண்டியில் ஏன் பத்து வகை?

அமெரிக்கத் தரைப்படையின் எட்டுச் சக்கரக் கவச வண்டியான ஸ்டிரைக்கரை இந்தியாவில் தயாரிப்பது பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, "டயரில் ஒரு குண்டு பட்டால் தீர்ந்ததே" என்ற எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தீராது. டயருக்குள் கெட்டியான வளையம் இருக்கிறது. காற்று போனாலும் வேகம் குறைத்து ஓட்டலாம். எட்டில் ஒன்றிரண்டு போனாலும் வண்டி நகரும். ஆனால் டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான டிராக் அறுந்தால், நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

நான் ராணுவத்தில், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்தவன். காலாட்படையை ஏற்றிச்செல்லும் பி.எம்.பி-2 கவச வண்டிகளின் டிராக்கோடுதான் என் இளமை கழிந்தது. ராஜஸ்தான் வெயிலில் டிராக் கழன்ற வண்டிக்குப் பக்கத்தில் சம்மட்டியோடு உட்கார்ந்து அதன் இணைப்பு ஊசியைத் தட்டியவனிடம் சக்கரத்தின் அருமையைக் கேளுங்கள். வேறு இடத்துக்குப் போவதென்றால் ரயில்தான். தட்டை வேகனில் ஒவ்வொரு வண்டியாக ஏற்றி, கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்குவதற்குள் இரவு போய்விடும். சாலையில் ஓட்டினாலோ தாரும் பெயரும், டிராக்கும் தேயும். உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சேற்றிலும் மணல்மேட்டிலும் டிராக் வண்டிக்கு ஈடில்லை என்பதை உங்களைவிட நன்றாகவே அறிவேன்.

ஸ்டிரைக்கரின் மூலம் அமெரிக்காவில் இல்லை; சுவிட்சர்லாந்தின் மோவாக் நிறுவனம் 1970களில் உருவாக்கிய 'பிரானா' (Piranha) என்ற சக்கரக் கவச வண்டிதான். 1977இல் கனடா அதன் ஆறு சக்கர வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்டாரியோவின் லண்டன் நகரில் தயாரித்தது. அங்கிருந்துதான் அமெரிக்க மரைன்களுக்கு எட்டுச் சக்கரமும் 25 மி.மீ. பீரங்கியும் கொண்ட எல்.ஏ.வி-25 போனது. 1999 கொசோவோ நெருக்கடியில், 60 டன்னைத் தாண்டிய ஏப்ரம்ஸ் டாங்கிகளை அவசரத்துக்கு நகர்த்துவது எவ்வளவு பாடு என்று அமெரிக்கத் தரைப்படை கண்டுகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் தளபதி ஷின்செகி, விரைவாக நகரக்கூடிய நடுத்தர எடைப் படை வேண்டும் என்று அறிவித்தார். அதற்காக இதே குடும்பத்திலிருந்து வந்ததுதான் ஸ்டிரைக்கர். 2003 இறுதியில் ஈராக் போனபோது, ராக்கெட் குண்டுகளைத் தடுக்கச் சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டு மாட்டிக்கொண்டது. கண்ணிவெடிக்கு அடிப்பகுதி தாங்காமல் போகவே, 2011இல் இரட்டை 'வி' வடிவ அடிப்பகுதி கொடுத்தார்கள்.

பத்து வகை ஏன் என்றால், படைவீரர்களை ஏற்றிச்செல்வது, வேவு, மோர்ட்டார், கட்டளை மையம், காயம்பட்டவர்களை மீட்பது, டாங்கி எதிர்ப்பு ஏவுகணை என்று வேலைகள் வேறு. ஆனால் அடியில் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே டயர். அந்த கேட்டர்பில்லர் எஞ்சினும் அமெரிக்க ராணுவ லாரிகளுக்குப் பழக்கமானதுதான். ஆம்புலன்ஸ் வகையைப் பழுதுபார்க்கக் கற்றவனால் மோர்ட்டார் வகையின் எஞ்சினிலும் கைவைக்க முடியும். ஸ்டோரில் ஒரே அலமாரி போதும். என்னைக் கேட்டால் இந்தக் குடும்பத்தின் பலம் பீரங்கியில் இல்லை, அந்த அலமாரியில் இருக்கிறது. 105 மி.மீ. பீரங்கி வைத்த வகைதான் தானியங்கிக் குண்டேற்றியோடு மல்லுக்கட்டிக் கடைசியில் கைவிடப்பட்டது.

பழுதுபார்க்கத் தெரிந்தவனின் அருமை நம் ஊர் நிறுவனங்களுக்குத் தெரிவதில்லை. ஓய்வுபெற்று வந்து கனரக வாகனப் பணிமனை ஒன்றில் வேலை கேட்டேன். டிராக்கைச் சுழற்றும் கடைசிக் கியர் தொகுதியான ஃபைனல் டிரைவைப் பிரித்துப் பூட்டியவனை, "வாசலில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது" என்று அனுப்பினார்கள். முன்னாள் படைவீரன் என்றாலே சீருடையும் விசிலும்தானா? சரி, அது உங்கள் கேள்வியில் இல்லை.

நம்மிடமும் டி.ஆர்.டி.ஓ.வும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய எட்டுச் சக்கரக் கவச வண்டியான 'வாப்' (WhAP) இருக்கிறது, தண்ணீரிலும் மிதக்கும். வழக்கமான ஸ்டிரைக்கருக்கு மிதக்கத் தெரியாது. பஞ்சாப் எல்லையின் கால்வாய்களைப் பார்த்த எனக்கு அது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை.