சோடியம் எதற்குக் காத்திருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அயனிப் பிணைப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான், குளோரினுக்கு ஏழு. சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்குகிறது, இரண்டுக்கும் எட்டு நிரம்பி நிலைத்தன்மை அடைகின்றன என்றேன். “ஒன்றைத் தூக்கிப்போட்டால் நிம்மதி என்றால், சோடியம் குளோரின் வரும்வரை எதற்குக் காத்திருக்கிறது?” என்று கேட்டுவிட்டாள். யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. விளக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாடநூல்கள் பூசி மெழுகிவிட்டுப் போகும் இடத்தில் சரியாகக் கைவைத்திருக்கிறாள் உங்கள் மகள்.

சோடியம் தன் எலக்ட்ரானை மனமுவந்து கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டும். வாயுவாகத் தனித்தனியே நிற்கும் ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் பெரிய எண்ணிக்கை அது) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. அதைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது 349 கிலோஜூல் வெளிவரும். கழித்துப் பாருங்கள், 147 கிலோஜூல் நஷ்டம். இருவருக்கும் எட்டு நிரம்பிவிட்டது, ஆனாலும் கணக்கு உதைக்கிறது. நிலைத்தன்மை என்றால் ஆற்றல் குறைந்த நிலை என்றுதான் பொருள். அப்படிப் பார்த்தால், விலகி நிற்கும் இந்த இரண்டு அயனிகளும், அதாவது எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற சோடியமும் வாங்கி எதிர்மின்னூட்டம் பெற்ற குளோரினும், பழைய அணுக்களைவிட நிலைத்தன்மை குறைந்தவை. சோடியம் காத்திருப்பதில் வியப்பே இல்லை.

சரி, இந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு. அயனிகள் நெருங்க நெருங்க ஆற்றல் வெளியேறும். சுமார் 0.94 நானோமீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டால் 147 கிலோஜூல் கடன் அடைந்துவிடும். அதற்கும் கீழே வருவதெல்லாம் லாபம். ஒரு எல்லைக்குமேல் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும், அங்கே நெருக்கம் நின்றுவிடும். உப்புப் படிகத்தில் அந்த இடைவெளி 0.282 நானோமீட்டர்.

அப்புறம்தான் பெரிய வரவு. ஒரு சோடியம் அயனி ஒரு குளோரைடோடு (குளோரின் அயனியின் பெயர்) மட்டும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. மேலே, கீழே, நான்கு பக்கமும் என ஆறு குளோரைடுகள் அதைச் சூழ்கின்றன. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். அடுத்த அடுக்கில் தன் இனத்தவர் தள்ளுவார்கள், அதற்கடுத்த அடுக்கு இழுக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், அதே இடைவெளியில் நிற்கும் ஒற்றை ஜோடியின் ஈர்ப்பைப் போல 1.75 மடங்கு வருகிறது. விலக்குவிசைக்கு உரியதைக் கழித்தபின் ஒரு மோலுக்கு 787 கிலோஜூல். இதுதான் படிகக்கூடு ஆற்றல். சோடியம் உலோகத்தை ஆவியாக்கும் செலவு, குளோரின் மூலக்கூறை உடைக்கும் செலவு, அந்த 147 எல்லாம் போக, சுமார் 410 கிலோஜூல் மிஞ்சும். குளோரின் வாயுவில் சோடியம் மஞ்சள் சுடர்விட்டு எரிவது இந்த மிச்சத்தால்தான். 1919இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் இப்படி வரவுசெலவு போடும் வழியைக் காட்டினார்கள். பள்ளிப் பாடத்தில் எட்டைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இந்த சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்டால் விடை கிடையாது. 1913இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக்கொண்டு உப்பின் அமைப்பைக் கண்டறிந்தபோது, உள்ளே ‘ஒரு உப்பு மூலக்கூறு’ என்று பிரித்துக்காட்ட எதுவும் இல்லை. எண்பதை நெருங்கிய ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலாளருக்கு இது பொறுக்கவில்லை. உப்பைச் சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்கள் என்று 1927இல் ‘நேச்சர்’ இதழுக்குக் காரசாரமாக ஒரு கடிதமே எழுதினார். பிராக் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தக் கிழவரின் கோபம் எனக்குப் புரிகிறது. வாழ்நாள் முழுக்க மூலக்கூறு மூலக்கூறு என்றே சிந்தித்தவர்.

எட்டு என்ற விதி பொய்யா? பொய்யில்லை, எங்கே நிறுத்துவது என்று அது சொல்கிறது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது. அதைப் பிடுங்க 4562 கிலோஜூல் வேண்டும், சோடியத்துக்கு எந்தப் படிகமும் அவ்வளவு தராது. மக்னீசியம் இரண்டை இழப்பதும் மூன்றாவதைத் தொடாததும் இதே கணக்கில்தான்.

மகளிடம் ஆக்சைடு அயனியை, அதாவது இரண்டு எலக்ட்ரான் வாங்கிய ஆக்சிஜனைப் பற்றியும் சொல்லுங்கள். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது ஆற்றல் வெளிவரும். ஏற்கெனவே எதிர்மின்னூட்டம் கொண்டுவிட்ட அயனிக்குள் இரண்டாவதைத் திணிக்க ஆற்றல் கொடுக்கவேண்டும், அதுவும் முதலில் வந்ததைப் போலப் பல மடங்கு. எட்டு நிரம்பிய ஆக்சைடு அயனியை வெற்றிடத்தில் தனியே விட்டால் ஒரு எலக்ட்ரானை உடனே உதறிவிடும். மக்னீசியம் ஆக்சைடு படிகத்துக்குள்ளோ, 2800 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் உருகும் அளவுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

முடிந்தால் உப்புக் கரைசலைத் தட்டில் ஊற்றி, மூடாமல் சில நாள் விடுங்கள். கையருகே ஒரு உருப்பெருக்கி இருக்கட்டும். நான் செய்தபோது நீர் வற்றி மிஞ்சிய சில உப்புக் கட்டிகளின் முகம் நடுவில் குழிந்து, படிப்படியாக இறங்கியிருந்தது. சமமாக முகம் வளர்ந்த ஒன்றை எடுத்து, முகத்துக்கு இணையாகக் கத்தியை வைத்து லேசாகத் தட்டினேன். நசுங்கவில்லை, பளிச்சென்று தட்டையாகப் பிளந்தது. ஒரு வரிசை ஓர் இடம் நகர்ந்தால் போதும், சோடியத்துக்கு நேரே சோடியம், குளோரைடுக்கு நேரே குளோரைடு வந்துவிடும். அப்புறம் அவை ஒன்றாக இருக்குமா?