மேயும் மாட்டுக்கு மீத்தேன் பொடி வாங்கலாமா?

கேள்வி: மூலனூர் பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. காங்கேயம் மாடு ஆறு, மேச்சேரி ஆடு முப்பது. பகலெல்லாம் அதில்தான் மேய்ச்சல். மாடு விடும் மீத்தேனைக் குறைக்கும் என்று ஒருவர் பொடி கொண்டுவந்தார். அப்படிக் குறைத்ததற்குக் கார்பன் பணம் என்று ஒரு தொகையும் வருமாம். வாங்கலாங்களா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இப்படிப்பட்ட பொடிகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உங்கள் மாடு தீனி எடுக்கும் முறைக்கு அது ஒத்துவராது.

மாட்டின் பெருவயிற்றில் நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் கிளம்பும். அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்குவதற்கென்றே ஒரு வகை நுண்ணுயிரி அங்கே இருக்கிறது. பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறும். தின்ற தீனியின் எரிசக்தியில் 100க்கு சுமார் 6 பங்கு இப்படிக் காற்றில் போகிறது. மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயுவும்கூட. அதனால் இதைக் குறைப்பது ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கறவை மாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் அமெரிக்கா 2024இலும் அனுமதித்த போவேர் என்ற தீவனச் சேர்க்கை, அந்த நுண்ணுயிரியின் நொதியை முடக்குகிறது. கட்டிப்போட்டு முழுத் தீவனத்தையும் கலந்து போடும் பண்ணைகளில் மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஆனால் அதன் வேலை சில மணி நேரம்தான். தின்னும் தீனியோடு கூடவே உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். உங்கள் மாடோ படல் திறந்ததும் கொழுக்கட்டைப் புல்லுக்குள் போய், பொழுது சாயத்தான் கட்டுத்தரைக்கு வரும். சாயங்காலம் தாழியில் கரைத்த பொடி மறுநாள் மேய்ச்சல் வரை நிற்காது.

நம் பக்கத்துக்குக் கொஞ்சம் நெருங்கியது, பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய ஹரித் தாரா. துவர்ப்புச் சத்தான டானின் மிகுந்த செடிகளிலிருந்து செய்தது. 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். டானின் என்றதும் உங்கள் காட்டு வெள்வேலங்காயை மூட்டையாகச் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். அளவு மீறினால் புரதம் செரிக்காது. அந்தக் காயில் சயனைடு நஞ்சும் சில சமயம் இருக்கும். உதிர்ந்ததை ஆடு தானாகப் பொறுக்கித் தின்னட்டும், அது போதும்.

உங்கள் கையில் இருப்பது சாயங்காலத் தீனி ஒன்றுதான். மாட்டுக்கு அரைக் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு வையுங்கள், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அந்த நுண்ணுயிரிகளைத் தட்டிவைக்கும். அரைக் கிலோவில் 40, 50 கிராம் எண்ணெய் இருக்கும். அதற்கு மீத்தேன் 100க்கு மூன்று நான்கு பங்குதான் குறையும். சின்னக் கணக்குதான், ஆனால் புண்ணாக்கின் புரதம் பாலிலும் உடம்பிலும் தெரியும். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றும் பழக்கம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பூசணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் தொடவே வேண்டாம்.

இதைவிடப் பலன் புல்லில் இருக்கிறது. முற்றிக் காய்ந்த புல்லுக்கு மீத்தேன் அதிகம், பால் கம்மி. காட்டை நாலு பாகமாகத் தடுத்து, கொழுக்கட்டை பூக்கும் தறுவாயில் மாற்றி மாற்றி மேய விடுங்கள். சினை பிடிக்காமல் வருஷம் தள்ளும் மாடும் தினமும் மீத்தேன் விட்டுக்கொண்டுதான் இருக்கும். அது சினை பிடிக்க, தினம் 50 கிராம் தாது உப்பு, காலாகாலத்தில் குடற்புழு மருந்து கொடுங்கள். அப்புறமும் சினை நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொடிக்காரர் திரும்ப வந்தால் மூன்று கேளுங்கள்: உள்ளே என்ன மருந்து, மேய்கிற மாட்டில் சோதித்ததற்கு எழுத்துச் சான்று எங்கே, கார்பன் கணக்கை யார் அளந்து யார் பணம் தருவார்கள். முன்பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். நைட்ரேட் கலந்தது என்று சொன்னால் மாட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மழையில்லாமல் வாடிய சோளப்பயிரில் ஏற்கெனவே நைட்ரேட் ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும்.