கெர்னல் மரத்துக்குள் ஒரு வட்டு டிரைவர் பேட்ச் போய்ச் சேரும் வழி: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் என் வீட்டிலிருந்தபடியே, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வட்டுகளை இயக்கும் டிரைவர் ஒன்றுக்கு வரும் பேட்சுகளை, அதாவது நிரல் திருத்தங்களை, திரட்டி, சோதித்து, மேலே அனுப்பி வருகிறேன். மரம் என்பது கெர்னல் நிரலின் ஒரு களஞ்சியம்; ஒவ்வொரு பகுதியின் பொறுப்பாளரும் (மெயின்டெய்னர்) தம் மரத்தில் திரட்டுவது கடைசியில் முதன்மை மரத்தில் சேரும். நம் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பர்கூர், பொறியியல் மாணவி: அக்கா, வட்டோடு பேசும் ஸ்கசி நெறிமுறையின் டிரைவர் ஒன்றில் பிழையைத் திருத்தியிருக்கிறேன். கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே அனுப்பிவிடலாமா?

வேண்டாம் தங்கை. மூல நிரலோடு வரும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை உன் பேட்சின் மீது ஓட்டு; யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அதுவே சொல்லும். ஸ்கசி என்றால் ஜேம்ஸ் பாட்டம்லி, மார்ட்டின் பீட்டர்சன். அதற்கு மேலே இருந்து, வட்டுக்கான கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பிளாக் அடுக்கு என்றால் ஜென்ஸ் ஆக்ஸ்போ. இணைப்பாக அல்லாமல், வெற்று உரையாக மின்னஞ்சலின் உடலிலேயே பேட்ச் இருக்க வேண்டும். 'சைன்டு-ஆஃப்-பை' வரியை மறந்துவிடாதே. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீ கொடுக்கும் உறுதிமொழி அது. 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஓசூர், மென்பொருள் ஊழியர்: எங்கள் தொடரில் ஏழு பேட்சுகள். நான்கு பிளாக் அடுக்கையும் மூன்று ஸ்கசியையும் தொடுகின்றன. எந்த மரத்துக்கு அனுப்புவது?

ஒருங்கிணைப்பு என்பதே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நான்கை அங்கும் மூன்றை இங்கும் தனித்தனியே அனுப்பினால், பிளாக் அடுக்கில் நீங்கள் சேர்க்கும் புதிய செயற்கூறு இல்லாமல் ஸ்கசி மரம் கம்பைல் ஆகாது. வழி இரண்டு. ஏழும் ஒரே மரத்தில் போகட்டும், மற்ற மெயின்டெய்னர் 'ஆக்டு-பை' கொடுத்துச் சம்மதிக்கட்டும். அல்லது முதல் ஆர்சியின் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பின்) மீது ஒரு பொதுக் கிளையை அமைத்து, இரு மரங்களும் அதையே இழுத்துக்கொள்ளட்டும். இரண்டாம் வழியில் சென்றால், இழுத்த பிறகு அந்தக் கிளையை யாரும் ரீபேஸ் செய்யக் கூடாது, அதாவது வேறோர் அடித்தளத்தின் மீது மாற்றி அமைக்கக் கூடாது. செய்தால் ஒரே மாற்றம் இரு வேறு கமிட்டுகளாக (மாற்றப் பதிவுகளாக) வரலாற்றில் நின்றுவிடும். எந்த வழி என்பதை, தொடரின் முகப்பு மடலிலேயே இரு தரப்புக்கும் எழுதிக் கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். ஒருமுறை நான் மூன்றாம் பேட்சில் ஒரு செயற்கூறின் அளபுருக்களை மாற்றிவிட்டு, அதை அழைக்கும் இடங்களை ஐந்தாம் பேட்சில்தான் திருத்தினேன். ஐந்தையும் சேர்த்தால் எல்லாம் சரி; ஆனால் நான்காவதில் நிறுத்தினால் கம்பைல் ஆகாது. வேறொரு பிழையைத் தேடி, வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டியவர் சரியாக அங்கே வந்து சிக்கிக்கொண்டார். பத்தாயிரம் கமிட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் பிழையைப் பதினான்கு முறைக்குள் பிடித்துவிடும் கருவி அது. அப்படிப்பட்டதை நான் முடக்கியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு பேட்சையும் தனியாக கம்பைல் செய்த பிறகே அனுப்புகிறேன்.

தருமபுரி, கல்லூரி ஆசிரியர்: மாணவர்கள் அனுப்பி மூன்று வாரமாகிறது, பதிலே இல்லையே அம்மா?

என்றைக்கு அனுப்பினார்கள் ஐயா? ஒரு வெளியீடு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ; அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை முதன்மை மரத்தில் சேர்க்கும் காலம் அது. பிறகு வாரம் ஒரு ஆர்சி, ஏழு அல்லது எட்டு வரை. ஒரு சுற்று ஒன்பது, பத்து வாரம். மெர்ஜ் விண்டோவில் போய் நின்றால், சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் லாரி வரிசை கட்டும்போது விதைப்பு பற்றிப் பேசப் போனதைப் போலத்தான். முதல் ஆர்சி வந்ததும் அதன் மீது பொருத்தி, பணிவான ஒரு வரியோடு மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

பாலக்கோடு, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவர்: ஒரு டிரைவர் திருத்தத்துக்கு இவ்வளவு தாமதம் ஏன்? எங்கள் கணக்கெல்லாம் அந்த வட்டில்தானே இருக்கிறது?

அதனால்தான் அண்ணா. 2018 இறுதியில் 4.19 கெர்னலில் சிலருடைய கோப்புகள் சிதைந்தன. எல்லோரும் முதலில் சந்தேகித்தது இஎக்ஸ்டி4 கோப்பு முறையை. குற்றவாளி அதுவல்ல, பிளாக் அடுக்கு. நேராக ஸ்கசி வட்டுக்கு அனுப்பப்பட்ட கோரிக்கை, வட்டு வேலையாக இருந்ததால் திரும்பி வரும்; வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கோரிக்கை அதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை முதல் கோரிக்கைக்கு மட்டுமே போடப்பட்டிருந்தது. சேர்ந்த பகுதி எழுதப்படாமலே, படிக்கப்படாமலே போனது, வட்டிலிருந்து பிழைச் செய்தியும் வரவில்லை. டிசம்பரில் திருத்தம் வந்தது. மண்டிக் கணக்கில் ஒரு பக்கம் இப்படிக் காணாமல் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தம் முதலில் முதன்மை மரத்தில் சேர்ந்த பிறகே பழைய நிலைப்பதிப்புகளுக்கு வரும். அதுவரை கணக்கை இன்னொரு வட்டிலும் நகலெடுத்து வையுங்கள்.

காவேரிப்பட்டணம், பட்டயப் படிப்பு மாணவர்: சோதிக்க என்னிடம் விலை உயர்ந்த வட்டு எதுவும் இல்லை அக்கா.

தேவையில்லை தம்பி. ஸ்கசி-டீபக் மாட்யூலை ஏற்றினால் நினைவகத்திலேயே ஒரு போலி ஸ்கசி வட்டு கிடைக்கும். வேண்டுமென்றே பிழை தரவும் அதற்குச் சொல்லலாம். வேகமான எஸ்எஸ்டி வட்டுகள் பேசும் என்விஎம்ஈ வேண்டுமானால், கணினியையே மென்பொருளாகப் போலி செய்யும் கேமூ போலியாகத் தரும். அவற்றின் மீது பிளாக்டெஸ்ட்ஸ் சோதனைத் தொகுப்பை ஓட்டு. வேறொருவரின் பேட்சைச் சோதித்தாலும், எந்தக் கெர்னலில் எதை ஓட்டினாய் என்று எழுதி 'டெஸ்டட்-பை' கொடு. உன் பெயரும் அந்தக் கமிட்டோடு சேர்ந்து பதிவாகும்.